வெண்ணெய் நிற ரொட்டிவண்டி

ஜனவரி 9

அன்பு அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. குளிருக்கு விரல் நுனி மட்டும் வெடித்திருக்கிறது. நீயும் அத்தானும் குட்டியும் சுகமா? உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் குனிந்துகொண்டு அடுத்தவர் பல்லைச் செதுக்கினால் பாவம், கழுத்துதான் என்ன செய்யும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை, ஐந்தாவது நிமிஷம் அழுகை. கடிதம்தான் நமக்கு ஒத்துவரும் என்று சட்டம் போட்டவளே நீதான்.

விஷயத்துக்கு வருகிறேன். ரொட்டிவண்டி கிடைத்துவிட்டான்!

ஞாபகம் இருக்கிறதா, பக்கத்து வீட்டு டி.வி.யில் ஜன்னல் வழியாகப் பார்ப்போமே, உருமாறும் ரோபோக் கூட்டம்? ஒருவன் விமானமாவான், ஒருவன் டாங்கி ஆவான், ஒருவன் பந்தயக் கார். எல்லோருக்கும் கடைசியில் ஒருவன் ரொட்டி ஏற்றிப் போகும் வேன். மொத்தத் தொடரிலும் இரண்டே வாரம்தான் வந்தான். முதல் வாரம் அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு போனான். அடுத்த வாரம் ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவ்வளவுதான் ஐயாவின் வீரம். தெருவில் ரோபோ விளையாட்டு ஆடும்போது ஆளாளுக்கு நல்லதை எடுத்துக்கொண்டு எனக்கு எப்போதும் அவனைத்தான் தள்ளிவிடுவார்கள். நானும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இங்கே பொம்மை சேர்ப்பவர்கள் சங்கம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? அதில் ஒருவர் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அவருடைய இழுப்பறையில் இருபது வருஷமாக இவன் தூங்கிக்கொண்டிருந்தான். நான் ஆசைப்பட்டுப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு எனக்கே கொடுத்துவிட்டார்.

என் அறையில் ஆறு பேர். கூரை ஒழுகுகிறது. என் பிரஷ்ஷிலேயே எவனோ பல் தேய்க்கிறான். இங்கே வைத்திருக்க பயமாக இருக்கிறது. கிடங்கில் என்னோடு வேலை செய்யும் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் லீவில் அந்தப் பக்கம் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அலமாரியில் துணிகளுக்கு நடுவே பத்திரமாக வை. இவனைப் பற்றி ஒரு பெரிய சங்கதி இருக்கிறது. அடுத்த கடிதத்தில்தான் சொல்வேன். கொஞ்ச நாள் உன் தலை வெடிக்கட்டும்.

அத்தானுக்கு என் வணக்கம், குட்டிக்கு முத்தம்.

உன் தம்பி


பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா. நாங்கள் மூவரும் நலம். கழுத்து இருக்கும் இடத்தில் இருக்கிறது. விரல் வெடிப்புக்குக் களிம்பு வாங்கித் தடவு. சொன்னால் கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன்.

உன் சீமைத்துரை வந்து சேர்ந்தான். பெட்டியைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறந்ததிலிருந்து பல்லே தேய்க்காதவன் மாதிரி ஒரு மஞ்சள்! அத்தான் அவனை ரோபோவாக மாற்றப் பார்த்து, ஒரு காலைத் தலைக்கு மேல் திருப்பிவைத்துவிட்டு, "உன் தம்பி அனுப்பினது இப்படித்தான் வந்துச்சு" என்று என்னிடமே சாதிக்கிறார். குட்டிதான் சரியாக மாற்றினாள். கதவுகள் இரண்டும் கேடயமாகிவிடுகின்றன, சக்கரம் தோளுக்குப் போய்விடுகிறது. நல்ல வேலைப்பாடுதான், ஒத்துக்கொள்கிறேன்.

பல் செய்யும் லேபில் வேலை தலைக்கு மேல். ஒரே வீட்டு மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே வாரத்தில் பல்லுக்குக் கேப். இரண்டு பேரும் தனித்தனியாக வந்து, அடுத்தவருடையதைவிடத் தன் பல் வெளுப்பாக இருக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் இரண்டு பேருக்கும் சரி என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்.

அடுத்த மாதம் உன் பிறந்தநாள். அதற்குள் எனக்கும் ஒரு சங்கதி இருக்கிறது. நீ மட்டும்தான் ஒளித்து வைப்பாயா? இதற்கும் கொஞ்ச நாள் தலை வெடிக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 2

அன்பு அக்கா,

நான் சௌக்கியம். களிம்பு வாங்கிவிட்டேன், சத்தியமாக. நீங்கள் எல்லோரும் எப்படி?

உன் 'பல் தேய்க்காதவன்' படித்துவிட்டு அறையில் தனியாகச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு அந்த வரியை மறுபடி எடுத்துப் படித்தேன். அந்த மஞ்சள்தான் அக்கா சங்கதியே.

ரொட்டிவண்டி பொம்மை எல்லாமே வெள்ளை. தொழிற்சாலையில் முதல் இரண்டு நாள் மட்டும் தவறான பிளாஸ்டிக்கைக் கொட்டிவிட்டார்களாம், வெண்ணெய் நிறத்தில் வந்துவிட்டது. யாரோ பார்த்துவிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அதற்குள் வெளியே போனது போனதுதான். இன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவை ஏழே ஏழு. நம்முடையது எட்டாவது! பழசாகி மஞ்சளானதில்லை, பிறந்ததே அப்படி. ஏழில் ஒன்றின் போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன், நிறத்தைப் பார்.

ஜூன் மாதம் எங்கள் சங்கத்துக்குப் பெரிய கூட்டம். எனக்குத் தனி மேஜை தருகிறார்கள். உனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். கிடங்கில் என் சட்டையில் ஒரு எண்தான் இருக்கிறது. மேஸ்திரி அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார். இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷத்தில் நாற்பது பேர் நான் சொல்வதை உட்கார்ந்து கேட்கப் போவது இதுதான் முதல் தடவை.

நீ அவனை ஒன்றும் செய்யவில்லையே? ஈரத் துணிகூடப் படக்கூடாது. தூசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். உடனே ஒரு வரி எழுதிப் போடு.

உன் தம்பி


மார்ச் 10
(எழுதி, அனுப்பாமல் வைத்தது)

தம்பி,

நலமா என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நலமா?

உன் கடிதம் நேற்று வந்தது. எட்டு நாள் முந்தி வந்திருந்தால் என் கையைக் கட்டிப்போட்டிருக்கும்.

போன வாரம் மதியச் சாப்பாட்டு வேளையில் அவனை லேபுக்குக் கொண்டுபோனேன். பல் வெளுக்க டாக்டர்கள் போடுவார்களே ஒரு ஜெல், அதில் மீந்துபோனதை எடுத்து மேலெல்லாம் பூசி, கேப் காயவைக்கிற ஒளிப்பெட்டிக்குள் வைத்தேன். ஒரு தடவையில் போகவில்லை. நான்கு நாள், தினமும் சாப்பாட்டு வேளையில், சாப்பிடாமல். கதவு இடுக்கு, சக்கரத்துக்கு உள்பக்கம், ஒன்றையும் விடவில்லை. உனக்குத்தான் தெரியுமே, நான் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டேன். நான்காம் நாள் பெட்டியைத் திறந்தால் பால் மாதிரி வெள்ளை. நான் கை தட்டியே விட்டேன். பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "கல்யாண மாப்பிள்ளை கணக்கா இருக்கான்க்கா" என்றாள்.

டி.வி.யில் அவன் வெள்ளையாகத்தானே இருந்தான். உன் பிறந்தநாளுக்கு அதே மாதிரி தரலாம் என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

உலகத்தில் எட்டு. அதில் ஒன்றை நான் உட்கார்ந்து துலக்கித் தீர்த்துவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை பார். கேட்டால் ஆச்சரியம் போய்விடுமாம். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருக்கிறது.

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பல்லின் நிறம் ஒத்துப்பார்க்கும் எங்கள் ஷேடு கார்டில் பதினாறு நிறம் உண்டு. இதில் இரண்டாவதையும் ஐந்தாவதையும் கலந்து, மேலே கொஞ்சம் மினுமினுப்பை அடக்கினால் இந்த வெண்ணெய் நிறம் வந்துவிடும். பக்கத்துப் பல்லுக்கே தெரியாமல் பல் செய்கிறவள் நான். பதினெட்டு வருஷமாக இதுதான் என் பெருமை.

இந்தக் கடிதத்தை அனுப்பப் போகிறேனா, இல்லை அந்தப் பூச்சைக் கலக்கப் போகிறேனா என்று எனக்கே


ஏப்ரல் 12

அன்பு அக்கா,

எல்லோரும் நன்றாக இருக்கிறீர்கள்தானே? உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. பிறந்தநாளுக்குக்கூட எழுதவில்லை. முப்பது வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. காய்ச்சலா, கழுத்தா? குட்டிக்கு ஒன்றுமில்லையே? எனக்குச் சங்கதி ஒன்று இருக்கிறது என்றாயே, அதுவும் வரவில்லை.

என் மேல் ஏதாவது கோபம் என்றால் திட்டி எழுது. திட்டு வாங்கி ரொம்ப நாளாகிறது.

ஃபோர்க்லிஃப்ட் டிரைவரின் மனைவி மே முதல் வாரம் இங்கே வருகிறார். ரொட்டிவண்டியை அவரிடம் கொடுத்துவிடு. கூட்டத்துக்கு நோட்டீஸ் அடித்து ஒட்டிவிட்டார்கள். 'எட்டாவது வெண்ணெய்' என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே என் பெயர். ஒரு நோட்டீஸை யாருக்கும் தெரியாமல் உரித்துக்கொண்டு வந்து கட்டிலுக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். சிரிக்காதே.

பதிலை எதிர்பார்க்கும்,
தம்பி


மே 4

அன்புத் தம்பிக்கு,

இங்கு அனைவரும் நலம். காய்ச்சல் வந்து போனது, அதனால்தான் எழுத முடியவில்லை.

கேட்டபடி பொம்மையைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். எப்படி வந்தானோ அப்படியே இருக்கிறான். வெயில் படாமல் வை. துணியால் அழுத்தித் துடைக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 21

அக்கா,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன், உடம்பைப் பொறுத்தவரை. அங்கே எல்லோரும் சுகம்தானே?

கூட்டம் முடிந்து ஒரு வாரமாகிறது. இன்றைக்குத்தான் பேனாவை எடுக்க முடிந்தது.

மேஜையில் வெள்ளைத் துணி விரித்து அவனை நடுவில் நிறுத்தியிருந்தேன். எங்கள் தலைவர் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்தப் பொம்மையானாலும் அவர் பார்த்துச் சொன்னால்தான் செல்லும். கையில் எடுத்தார். மோந்து பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். பிறகு சின்ன நீல விளக்கு ஒன்றை அடித்துப் பார்த்துவிட்டு, குண்டூசியால் சக்கரத்துக்கு அடியில் லேசாகக் கீறினார்.

"இது வெள்ளைதான். மேலே வர்ணம் பூசியிருக்காங்க" என்றார்.

நாற்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காது இரண்டும் தீயாகச் சுட்டது. "யார்கிட்ட வாங்கினே?" என்று கேட்டார். நான் கையை நீட்டி வாட்ச் கடைக்காரரைக் காட்டினேன்.

அவர் இரண்டாவது வரிசையில் இருந்தார். எழுந்து நின்று, "இருபது வருஷம் இழுப்பறையிலயே கிடந்ததுங்க. நான் எதையும் பூசலை" என்றார். "நடுவுல வேற யார் கையிலயாவது இருந்ததா?" என்று தலைவர் என்னைக் கேட்டார். "பெட்டியிலேயே பத்திரமா இருந்தது" என்றேன். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சங்கப் பதிவேட்டிலிருந்து அவர் பெயரை அங்கேயே அடித்துவிட்டார்கள். பொய்ப் பொம்மை கொடுத்தவனுக்கு எங்கள் சங்கத்தில் இரண்டாவது பேச்சு கிடையாது. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே வழி கேட்டுக் கேட்டு வெளியே போனார். எனக்கு முதுகில் தட்டி ஆறுதல் சொன்னார்கள்.

நீ ஒன்றும் செய்யவில்லைதானே? எப்படி வந்தானோ அப்படியே இருக்கிறான் என்று நீ எழுதினது என்னிடம் இருக்கிறது. அதைத்தான் நம்பியிருக்கிறேன்.

தம்பி


ஜூலை 19

அக்கா,

நலம்தானே? நான் இருக்கிறேன்.

உன் பதில் வரவில்லை. உனக்கு வேலை இருக்கும். எழுத நேரம் இல்லையென்றால் பரவாயில்லை, எழுத வேண்டாம்.

மனதில் இருப்பதை யாரிடமாவது சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன். எங்கள் ஆட்களின் சாவி கொடுக்கிற பொம்மைகளுக்கெல்லாம் ஸ்பிரிங் மாற்றித் தருவது அந்த வாட்ச் கடைக்காரர்தான். இப்போது யாரும் அவரிடம் கொடுப்பதில்லை. கொடுத்திருந்தவர்கள் ரிப்பேர் ஆனதா ஆகவில்லையா என்றுகூடக் கேட்காமல் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அதே தெருவில் இருப்பவர்களுக்கும் காதுக்குக் காது போய்விட்டது. நல்ல வாட்ச்சுக்குள் மட்டமான உறுப்பை மாற்றி வைத்துவிடுவான் என்று பேசிக்கொள்கிறார்கள்.

போன ஞாயிறு கூட்டத்துக்குப் போனேன். மண்டபத்துக்கு வெளியே பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும், ஆனாலும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். போகிறவர் வருகிறவர் முகத்தையெல்லாம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போய்விட்டேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஆகஸ்ட் 8

தம்பி,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை, அது எனக்குத் தகும்.

நான்தான் செய்தேன். மார்ச்சில் உனக்கு எழுதி, அனுப்பாமல் அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்த கடிதம் ஒன்று இருக்கிறது. அதையும் வைத்திருக்கிறேன், படி. அது எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் எழுந்து போய் நான் பூச்சைக் கலந்தேன். ஒரு வாரம் வேலை. முடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கு, சொல்லவே நாக்கூசுகிறது, பெருமையாக இருந்தது. போட்டோவையும் அவனையும் அருகருகே வைத்தால் வித்தியாசமே இல்லை.

நீல விளக்கு என்று படித்ததுமே புரிந்துவிட்டது. நிஜப் பல் அந்த வெளிச்சத்தில் மினுங்கும். செய்த பல்லும் மினுங்க வேண்டும் என்று அந்தப் பூச்சில் அதற்கென்றே ஒன்று சேர்ப்பார்கள். பதினெட்டு வருஷமாகத் தெரிந்த விஷயம் அன்றைக்கு மறந்துவிட்டது.

ஜூன் கடிதத்துக்கு ஏன் பதில் எழுதவில்லை என்று கேட்பாய். பழி வேறு யார் மேலோ போய்விட்டது, பார்த்தும் இராத மனிதர், அவர் பாடு என்று இருந்தேன். இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெஞ்சை நீ எழுதினாய். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. அத்தானிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்குச் சொல்லு, எனக்குச் சொல்லி என்ன?" என்றார்.

கீழே இருப்பதை அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் படித்துவிடு. அந்தப் பெரியவரை உள்ளே கூட்டி வந்து உட்காரவைத்துவிட்டுப் படி. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அவரைக் கூப்பிடு, அது போதும்.

அக்கா

*

சங்கத்தார் அனைவருக்கும்,

நான் பல் செட் செய்பவள். வெண்ணெய் நிற ரொட்டிவண்டியைப் பழசாகி மஞ்சளானது என்று நினைத்து வெளுத்தவள் நான். தவறு தெரிந்ததும் பல்லுக்குப் பூசும் வர்ணத்தைப் பூசி மறைத்தவளும் நான். வாட்ச் கடை ஐயா கொடுத்தது உண்மையான எட்டாவது. அவர் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. என் தம்பிக்கு இதில் எதுவும் தெரியாது. பழி என்னுடையது மட்டும். ஐயா, உங்கள் பெயரை நான் கெடுத்தேன், வாயை மூடிக்கொண்டு இரண்டு மாதம் பார்த்துக்கொண்டும் இருந்தேன். உங்கள் முன்னால் நின்று சொல்ல வேண்டியது, கடிதத்தில் சொல்கிறேன்.


செப்டம்பர் 20

அக்கா,

நீங்கள் எல்லோரும் நலமா? உண்மையிலேயே கேட்கிறேன்.

படித்தேன். கடைக்குப் போய் அவரைக் கூப்பிட்டேன், என்ன ஏதென்று கேட்காமல் ஷட்டரை இறக்கிவிட்டு என்னோடு வந்தார். முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, நீ எழுதியதை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். முடித்ததும் தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பெயரை மறுபடி எழுதினார்கள். அவர் நேராக என்னிடம் வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "உன் மேல என்னப்பா தப்பு? உனக்கு என்ன தெரியும்?" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஜூன் மாதம் உனக்கு எழுதினபோது ஒன்றை விட்டுவிட்டேன்.

தலைவர் நீல விளக்கை அடித்ததும் ரொட்டிவண்டி ஒரு மாதிரி மினுங்கினான். அவருக்குச் சந்தேகம் வந்தது. திரும்பி நின்று, வாயிலிருந்து தன் பல் செட்டைக் கழற்றி, கைக்குட்டையில் வைத்து, பொம்மைக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டும் ஒரே மாதிரி மினுங்கின. பொக்கை வாயோடு, "இது பல்லுக்குப் பூசறதுப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாட்ச் கடைக்காரரும் சிரித்தார். பல் செய்கிறவள் யார் என்று அந்த மண்டபத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

யார்கிட்ட வாங்கினே என்று அவர் கேட்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது அக்கா. 'பல் தேய்க்காதவன்', 'எனக்கும் ஒரு சங்கதி', பிறகு அந்த நான்கு வரிக் கடிதம், எல்லாம் ஒன்றுசேர்ந்து வந்து நின்றது. தெரிந்தே கையை நீட்டினேன். உன்னைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று மூன்று மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. நோட்டீஸில் இருந்த என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன். பதில் எழுத வேண்டாம் என்று நான் எழுதியதும் அதற்காகத்தான். நீ எழுதிவிட்டால் நான் சொல்ல வேண்டிவருமே.

உன் கடிதத்தில் 'என் தம்பிக்கு இதில் எதுவும் தெரியாது' என்ற வரி வந்தபோது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அதையும் மற்ற வரிகளைப் போலவே சத்தமாகப் படித்தேன்.

உன்னிடம் சொல்லிவிட்டேன். உன்னோடு இருக்கட்டும்.

தம்பி


அக்டோபர் 9

தம்பி,

நாங்கள் நலம். நீ நலமில்லை என்று தெரிகிறது.

உன்னைத் திட்ட உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். திட்டுவதற்கு நான் யார் என்ற கேள்வி ஒவ்வொரு தாளிலும் நடுவில் வந்து நிற்கிறது. நான் வாயை மூடிக்கொண்டதால்தானே உனக்கு அந்தக் கையை நீட்ட முடிந்தது. அதை நான் தட்டிக் கழிக்கவில்லை.

ஆனால் ஒன்று. என்னோடு இருக்கட்டும் என்கிறாயே, எப்படிடா இருக்கும்? உன் தலைவரின் கையில் என் கடிதம் இருக்கிறது. அதில் ஒரு வரி பொய். எழுதும்போது எனக்கு அது பொய்யென்று தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் அதை அங்கேயே விட்டுவைத்தால் ஆகஸ்ட் மாதம் நான் எழுதியதற்கு அர்த்தம் என்ன? ஒரு பூச்சைச் சுரண்டிவிட்டு இன்னொன்றைப் பூசினது போலத்தான். அந்த மனிதர் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார், என் கையெழுத்தை நம்பி.

உனக்குப் பதிலாக நானே எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். சின்ன வயதிலிருந்து உனக்குப் பதிலாக எல்லாவற்றையும் நானே செய்து பழகிவிட்டது. ரொட்டிவண்டியை வெளுத்ததும் அந்தப் பழக்கத்தில்தான். இதைச் செய்யமாட்டேன்.

சங்கத்தாருக்கு எழுதிய அதே கடிதத்தை மறுபடி எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எல்லா வரியும் அப்படியே இருக்கிறது. அந்த ஒரு வரியின் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். பழையதை வாங்கிக்கொண்டு இதைக் கொடு. காலி இடத்தில் என்ன எழுதுவாயோ, உன் கையால் எழுது.

விரல் வெடிப்பு தொடங்குகிற மாதம் இது. களிம்பு வாங்கு.

அக்கா


நவம்பர் 15

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. இருந்தாலும் கேட்கிறேன். அத்தான், குட்டி எல்லோரும் எப்படி?

உன் கடிதத்தை ஒரு கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படிக்காமலே திரும்பிவிட்டேன். அடுத்த கூட்டத்தில் படித்தேன். காலி இடத்தில் 'அன்றைக்கு இவரைக் கை காட்டும்போதே இது என் அக்காவின் வேலை என்று எனக்குத் தெரியும்' என்று எழுதியிருந்தேன். படிக்கும்போது அந்த வரியில் குரல் போய்விட்டது. "கேக்கலை" என்றார் பின்னால் ஒருவர். மறுபடி ஒரு தடவை படித்தேன்.

இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. தலைவர் பழைய கடிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொண்டார். என் பெயரை அடித்தார். நான் வாசலுக்கு நடந்தேன். எல்லோரும் காலை மடக்கி வழி விட்டார்கள்.

வாட்ச் கடைக்காரர் என் பின்னாலேயே வெளியே வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. எனக்கு எதிரே வந்து நின்றார். பிறகு ரொம்ப மெதுவாக, "அன்னிக்கு நான் உன்னைக் கட்டிப்பிடிச்சேனே, அப்பவுமா தெரியும்?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

தலையை ஆட்டினார். உள்ளே போய்விட்டார்.

உன் தம்பி